கொபுச்சிசாவாவில் வண்டி மாறுகிறவர்களுக்கு

டோக்கியோவின் ஷின்ஜூகுவில் அசுசா விரைவு வண்டி ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் கொபுச்சிசாவா வந்துவிடும். யமனாஷி மாநிலத்தின் ஓரத்தில், கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 887 மீட்டர் உயரத்தில் இருக்கும் சிறிய சந்திப்பு. சூவோ பெரும்பாதையிலிருந்து கொவுமி பாதை பிரிவது இங்கேதான்.

சூவோவில் ஓடுபவை மின்சார வண்டிகள். கொவுமி பாதைக்கு மின்கம்பியே கிடையாது, டீசல் வண்டிதான். அதனால் மலைக்குப் போகிறவர்கள் இங்கே இறங்கி மாறியே ஆகவேண்டும். ஒரு வண்டியை விட்டால் அடுத்ததற்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். ஆகவே கொவுமி வண்டியின் நேரத்தை முதலில் பார்த்துக்கொண்டு, அதற்குத் தோதான அசுசாவைப் பிடியுங்கள். இடையில் அரைமணி கிடைத்தால் நல்லதுதான். 2017இல் கட்டிய புது நிலையத்தின் மொட்டைமாடிக்குப் போனால், வானம் தெளிவாக இருக்கும் நாளில் ஃபூஜி மலை வரை தெரியும். 1985இலிருந்து விற்கும் 'கென்கி காய்' என்ற இரண்டடுக்குச் சாப்பாட்டுப் பெட்டியையும் வாங்கிக்கொள்ளலாம்.

கொவுமி வண்டியின் கதவு தானாகத் திறக்கும் என்று நிற்காதீர்கள். பக்கத்தில் உள்ள பொத்தானை அழுத்தவேண்டும். மலைக்குளிர் உள்ளே புகாமலிருக்க இந்த ஏற்பாடு. ஏறியபின் மூடவும் ஒரு பொத்தான் உண்டு.

கிளம்பிய சிறிது நேரத்தில் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். வண்டி பெரிய வளைவு ஒன்றில் சுற்றி, புறப்பட்ட திசைக்கு ஏறக்குறைய எதிர்த்திசையில் திரும்பிவிடும். ஆயிரம் மீட்டர் ஓடினால் அதிகபட்சம் 33 மீட்டர் ஏறும் பாதை இது. நேராக மலைமேல் பாயமுடியாது. உயரம் பிடிக்கத்தான் இந்தச் சுற்று. இதே ஏற்றத்தில்தான் 2007இல், டீசல் எஞ்சினோடு மின்கலமும் சேர்ந்து இயங்கும் ஹைப்ரிட் ரயில் உலகிலேயே முதல்முறையாகப் பயணிகள் சேவைக்கு வந்தது.

கியோசாத்தோ நிலையத்தைத் தாண்டியதும் உயரம் 1,375 மீட்டர். ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) தண்டவாளங்களிலேயே உயரமான இடம் அதுதான். அடுத்து வரும் நொபேயாமா, ஜேஆரின் மிக உயரமான நிலையம்.

டோக்கியோ திரும்ப வந்த வழியே வரவேண்டியதில்லை. கொமோரோ வரை 78.9 கிலோமீட்டர் ஓடும் இந்தப் பாதையில், முடிவுக்குச் சற்று முன்னால் சாக்குதைராவில் இறங்கினால் ஹொக்குரிக்கு ஷின்கான்சென் அதிவேக ரயில் கிடைக்கும். அங்கே கொவுமி வண்டி மேலே நிற்கும். ஷின்கான்செனுக்குக் கீழே இறங்கிப் போகவேண்டும்.