கத்தோலிக்கம் கிறிஸ்தவத்தின் ஒரு பிரிவா?

நீலகிரி மாவட்ட மக்களில் பத்தில் ஒருவருக்குச் சற்று அதிகமானோர் கிறிஸ்தவர்கள் என்பது 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து தெரிகிறது; ஆனால் ஊட்டியிலோ குன்னூரிலோ தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளிலோ ஒருவர் தம்மைக் கிறிஸ்தவர் என்று சொன்னால், 'ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா?' என்ற கேள்வி பெரும்பாலும் உடனே எழும். முன்னது உரோமன் கத்தோலிக்கரைக் குறிக்கும். பின்னது தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த சீர்திருத்தச் சபையினரைக் குறிக்கும். இந்தப் பாகுபாடு பேச்சுவழக்கில் இன்னும் முற்றி, 'அவர்கள் கிறிஸ்டியன், இவர்கள் ஆர்.சி.' என்று இரண்டு வேறு மதங்களைப் பற்றிப் பேசுவதுபோல் ஆகிவிட்டதால், கத்தோலிக்கம் கிறிஸ்தவத்திற்குள் அடங்குமா, அடங்கும் எனில் அதைப் பிரிவு என்று அழைக்கலாமா என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது அவசியமாகிறது.

முதல் கேள்விக்கு விடை ஐயத்துக்கு இடமற்றது. 325இல் நிசேயாவிலும் 381இல் கான்ஸ்டான்டிநோபிளிலும் கூடிய சங்கங்கள் வகுத்த விசுவாச அறிக்கையை, அதாவது தந்தை, மகன், தூய ஆவி என்னும் மூவொரு கடவுளையும் இயேசுவின் மனித அவதாரத்தையும் உயிர்த்தெழுதலையும் அறிக்கையிடும் வாசகத்தை, கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ. சபையாரும் ஒருபோலவே தங்கள் வழிபாட்டில் சொல்கின்றனர். மாதாவையும் புனிதர்களையும் வணங்குவதைக் காட்டிக் கத்தோலிக்கர் கிறிஸ்தவர் அல்லர் என்று வாதிடும் போதகர்கள் சிலர் இருக்கிறார்கள். ஆனால் ஆராதனை கடவுள் ஒருவருக்கே உரியது, புனிதர்களுக்குச் செலுத்தப்படுவது மரியாதை வணக்கமே என்பதுதான் கத்தோலிக்கப் போதனை. அந்த வேறுபாட்டை ஏற்க மறுப்பவர்கள்கூட விசுவாச அறிக்கை ஒன்றே என்பதை மறுக்க முடியாது. உலகக் கிறிஸ்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரை, சுமார் 140 கோடிப் பேரை, கிறிஸ்தவத்திற்கு வெளியே நிறுத்தும் எந்த வரையறையும் வரலாற்றோடு பொருந்தாது.

யார் கிறிஸ்தவர் என்ற கேள்வி இந்த மலைக்குப் புதிதும் அன்று. புனித தோமாவின் வழிவந்த கிறிஸ்தவர்கள் சிலர் முற்காலத்தில் மலையேறிச் சென்று தங்கள் விசுவாசத்தை மறந்து வாழ்கிறார்கள் என்ற செய்தி மலபாரில் உலவியதை அடுத்து, அதைச் சோதித்தறிய ஜியாகோமோ பெனிசியோ என்னும் இயேசு சபைக் குரு 1603இல் நீலகிரிக்கு வந்தார். அவர் கண்டது தோடர் பழங்குடியினரை. தேடிவந்த கிறிஸ்தவர்களை அவர் காணவில்லை. எனினும் நீலகிரி மக்களைப் பற்றிய மிகப் பழைய ஐரோப்பியக் குறிப்பு அந்தத் தேடலின் பயனாகவே நமக்குக் கிடைத்தது.

இரண்டாவது கேள்விக்கு விடை, கேட்பவர் எங்கே நின்று கேட்கிறார் என்பதைப் பொறுத்தது. அரசியலமைப்பின் 26ஆம் பிரிவு சமயப் பிரிவுகளுக்குத் தம் சமயக் காரியங்களைத் தாமே நடத்தும் உரிமையை வழங்குகிறது. 1954இல் சிரூர் மடம் வழக்கில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோலின்படி, பொதுவான நம்பிக்கையும் பொதுவான அமைப்பும் தனித்த பெயரும் உடைய குழுவே சமயப் பிரிவு. இம்மூன்றும் கத்தோலிக்கத் திருச்சபைக்குத் தெளிவாகவே உண்டு. 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டமும், போப்பைத் தன் ஆன்மிகத் தலைவராகக் கொள்ளும் சபை என்று கத்தோலிக்கத்தைத் தனியே வரையறுத்தாலும், கிறிஸ்தவர்களுக்கான சட்டத்திற்குள்தான் அதை வைத்திருக்கிறது.

கத்தோலிக்க இறையியலாளர்கள் பிரிவு என்ற சொல்லை ஏற்கத் தயங்குவது வேறொரு காரணத்தால். ஒரே திருச்சபையின் பல கிளைகள், அவற்றுள் எதுவும் தானே முழுமை என்று உரிமை கொண்டாடுவதில்லை என்னும் சீர்திருத்தச் சபைகளின் பார்வையில் வளர்ந்த கருத்து அது. அந்தப் பார்வையின் செயல்வடிவத்தை நீலகிரியிலேயே காணலாம்: 1829இல் அடிக்கல் நாட்டப்பட்ட ஊட்டி புனித ஸ்தேவான் ஆலயம் ஆங்கிலிக்கன் மரபினது; 1846இல் கேத்தியில் தொடங்கிய பாசல் மிஷன் லூத்தரன், சீர்திருத்த மரபுகளின் கலவை; ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிடேரியன், காங்கிரகேஷனல் மரபுகள் இணைந்து 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவாக, இவ்விரு வழியினரும் இன்று அதன் கோயம்புத்தூர்த் திருமண்டலத்தில் இருக்கின்றனர். கத்தோலிக்கத் திருச்சபை இவ்வாறு இணைவதில்லை. கிறிஸ்துவின் திருச்சபை தன்னிடத்தே நிலைபெற்றிருக்கிறது என்பதும், பிற சபைகளில் தூய்மைக்கும் உண்மைக்கும் உரிய கூறுகள் உண்டு என்பதும் 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட அதன் நிலைப்பாடு.

கத்தோலிக்கம் உள்ளுக்குள் ஒரே வார்ப்பில் ஆனது என்று எண்ணுவதும் பிழை. உரோமோடு ஒன்றிப்பில் உள்ள தன்னுரிமைத் திருச்சபைகள் 24. அவற்றுள் இலத்தீன், சீரோ-மலபார், சீரோ-மலங்கரா என்னும் மூன்று இந்தியாவில் வேரூன்றியவை. ஊட்டியின் இலத்தீன் மறைமாவட்டம் 1955இல் நிறுவப்பட்டது. கூடலூர்ப் பக்கத்தில் குடியேறிய மலையாளிக் குடும்பங்களில் சீரோ-மலபார் வழியினர் மானந்தவாடி ஆயரின் கீழும், சீரோ-மலங்கரா வழியினர் பத்தேரி ஆயரின் கீழும் வருகின்றனர். இந்தப் பின்னலுக்கு அந்தோணி படியறையின் வாழ்க்கையைவிடத் தெளிவான சான்று இல்லை எனலாம்: சீரோ-மலபார்க் குடும்பத்தில் பிறந்து, ஊட்டி இலத்தீன் மறைமாவட்டத்தின் முதல் ஆயராகி, 1970இல் சங்ஙனாச்சேரிக்குச் சென்று, 1988இல் கர்தினாலாகி, முடிவில் சீரோ-மலபார்த் திருச்சபையின் முதல் உயர் பேராயராக அவர் உயர்ந்தார். பிரிவு என்னும் ஒற்றைச் சொல் இத்தனையையும் தாங்காது என்றே சொல்லத் தோன்றுகிறது.

ஆர்.சி. குடும்பத்துக்கும் சி.எஸ்.ஐ. குடும்பத்துக்கும் இடையே சம்பந்தம் பேசும்போதுதான் இவையெல்லாம் நடைமுறையில் சோதிக்கப்படுகின்றன. கோயிலில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிப்பதற்கு முன் பங்குத்தந்தை கேட்டு வாங்கும் தாள்களுள் முதன்மையானது ஞானஸ்நானச் சான்றிதழ். மணமகள் தண்ணீரால், மூவொரு கடவுளின் பெயரால் சி.எஸ்.ஐ. ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றிருந்தால், தக்க ஐயம் எழுந்தாலன்றி அது மறுபடி கொடுக்கப்படுவதில்லை. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி அத்தகைய திருமணத்திற்குத் தேவைப்படுவது ஆயரின் அனுமதி. ஞானஸ்நானம் பெறாத ஒருவரை மணப்பதென்றாலோ, அது திருமணத்தையே செல்லாததாக்கும் தடை என்பதால் அத்தடையிலிருந்து விலக்குப் பெற வேண்டும். அதைவிட முக்கியமாக, ஞானஸ்நானம் பெற்ற இருவரின் முறையான திருமணம், ஒருவர் கத்தோலிக்கரல்லாத நிலையிலும், அருளடையாளமாகவே கருதப்படுகிறது. 'ஆர்.சி. வேறு, கிறிஸ்டியன் வேறு' என்னும் பேச்சைக் கத்தோலிக்கச் சட்டமே இங்கு நிராகரித்துவிடுகிறது.

ஆயினும் ஒன்றிப்பு முழுமை பெறவில்லை என்பதையும் அதே தம்பதியர் உணர்கின்றனர். மனைவியின் ஆலயத்தில் திருவிருந்துக்கு மற்றச் சபையாரையும் வரவேற்கும் வழக்கம் உண்டு என்றாலும், கத்தோலிக்கக் கணவர் அதில் பங்கேற்பதை அவருடைய திருச்சபை ஏற்பதில்லை. அவருடைய கோயிலில் நடக்கும் திருப்பலியில், மரண ஆபத்து போன்ற கடுமையான தேவை நேர்ந்தாலன்றி, மனைவிக்கு நற்கருணை வழங்கப்படுவதில்லை.