25 எழுத்து விடுபட்டதால் சோரும் இருதயம்

பெங்களூர் ஜெயதேவா இருதய மருத்துவமனைக்குப் போய் வந்த நம்மவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், "பம்பிங் எவ்வளவு?" என்ற கேள்வி தவறாமல் வரும். ஒவ்வொரு துடிப்பிலும் இருதயத்தின் இடது கீழறை தன்னிடமுள்ள ரத்தத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கை வெளியே தள்ளுகிறது என்ற கணக்குதான் அது. 55-க்கு மேல் இருந்தால் நல்லது. 35-க்குக் கீழே இறங்கினால் பலருக்கு மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும்.

இதில் ஒரு புதிர் உண்டு. இருவருக்கு ஒரே மாதிரி ரத்தக்குழாய் அடைப்பு இருக்கும். ஒருவருக்குப் பம்பிங் குறையாது, மற்றவருக்குப் பாதியாகிவிடும். சர்க்கரை, புகை, தாமதமான சிகிச்சை எல்லாம் காரணம்தான். ஆனால் பிறவியிலேயே வந்த காரணம் ஒன்றும் உண்டு. அதைக் கண்டறிந்ததில் தமிழர்களின் பங்கு பெரிது.

இருதயத் தசை சீராகச் சுருங்குவதற்கு 'மயோசின் பைண்டிங் புரோட்டீன்-சி' என்ற புரதம் வேண்டும். அதைத் தயாரிக்கும் ஜீனில் சிலருக்கு 25 எழுத்துகள் குறைகின்றன. மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த டாக்டர் பி.எஸ்.தண்டபாணி, ஹைதராபாத் சி.சி.எம்.பி. நிலையத்தின் டாக்டர் கே.தங்கராஜ் முதலியோர் இதைப் பற்றி 2009-ல் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் எழுதினர். இந்தியாவில் 6 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சோதித்ததில், நூற்றுக்குச் சுமார் 4 பேரிடம் இக்குறை இருந்தது. 72 படுக்கை கொண்ட ஸ்லீப்பர் பெட்டி நிறைந்து வந்தால், அதில் சராசரி மூன்று பேர்!

செல் இந்த ஜீனை நகல் எடுத்துத்தான் புரதம் செய்கிறது. எழுத்து குறைந்த இடத்தில் நகலில் ஒரு பகுதியே விடுபட்டுப் போகிறது. பேரேட்டில் ஒரு வரி விட்டால் கீழே உள்ள கூட்டல் முழுதும் தப்புவது குமாஸ்தாக்களுக்குப் புதிதல்ல. அப்படித்தான் இங்கும் புரதத்தின் வால் மாறி, தசை நாரில் பொருந்தாமல் போகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒவ்வொரு பிரதி வருவதால் நல்ல பிரதி பல காலம் ஈடுகொடுக்கும். நடுவயதுக்குப் பின்தான் தொல்லை தலைகாட்டுகிறது. அதற்குள் பிள்ளைகள் பிறந்து, குறை அடுத்த தலைமுறைக்கும் போய்விடுகிறது.

லக்னோ ஆய்வாளர்கள் 2011-ல் இன்னொரு செய்தியை வெளியிட்டனர். ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்களில், பம்பிங் குறைந்தவர்களிடம் இந்தக் குறை அதிகம் காணப்பட்டது. ரத்தம் போதாமல் தவிக்கும் தசைக்கு இது இரட்டைச் சுமை.

தண்டபாணி பின்னர் பெங்களூர் வந்து, பல்லாரி ரோட்டில் உள்ள 'இன்ஸ்டெம்' நிலையத்தில் இருதயத் தசை நோய் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

ஜீன் குறை உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை. எனவே பரிசோதனைக் கூடத்துக்கு ஓடிப் பணத்தை இறைக்க வேண்டாம். ஆனால் அப்பா, சித்தப்பா, அண்ணன் என்று யாராவது இளம் வயதில் திடீரென இறந்திருந்தாலோ, 'இருதயம் வீங்கிவிட்டது' என்று சொல்லப்பட்டிருந்தாலோ, அதை டாக்டரிடம் அவசியம் சொல்ல வேண்டும். ஊரில் நடந்தது இங்குள்ள டாக்டருக்குத் தெரியாது. அப்படிப்பட்ட குடும்பத்தில் மற்றவர்களும் ஒருமுறை எக்கோ எடுத்துப் பார்ப்பது நல்லது. வலி இல்லாமல் அரை மணிக்குள் முடிகிற சோதனை அது.