கால் தமனி அடைப்பு: வலியை மட்டும் கேட்டால் போதாது

கால் தமனி அடைப்பு ஆண்களின் நோய் என்ற எண்ணம் மருத்துவர்களிடையே நெடுங்காலம் வேரூன்றியிருந்தது. அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் நகரில் 1948இல் தொடங்கிய இதய ஆய்வும் அதற்கு வலு சேர்த்தது. நடந்தால் கெண்டைக்கால் வலிப்பதும் நின்றால் தணிவதுமான அறிகுறி, பெண்களைவிட ஆண்களுக்கு ஏறத்தாழ இரு மடங்கு வந்தது. கணக்கு சரிதான்; ஆனால் எண்ணப்பட்டது வலி, அடைப்பல்ல. கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்து, விடை 0.90 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடைப்பு எனக் கொள்ளும் சோதனை பரவியதும் படம் மாறியது. 2013இல் லான்செட் இதழில் வெளியான உலக மதிப்பீட்டின்படி, வளர்ந்த நாடுகளில் 45–49 வயதில் இருபாலருக்கும் இந்நோய் சுமார் 5 விழுக்காடு. வளரும் நாடுகளிலோ அதே வயதில் பெண்களுக்கு 6 விழுக்காட்டுக்கு மேல், ஆண்களுக்கு 3 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு.

பிறகு ஏன் பெண்கள் கண்ணில் படவில்லை? அடைப்புள்ள பெண்கள் பலருக்குப் பாடநூல் சொல்லும் வலி வருவதே இல்லை. மெதுவாக, கொஞ்ச தூரமே நடப்பவரின் தசை, வலி எழும் அளவுக்கு ரத்தம் கேட்பதில்லை. வலித்தாலும், 50 வயதைத் தாண்டிய பெண்ணின் கால்வலி மூட்டுத் தேய்மானத்தின் கணக்கில் எளிதாகச் சேர்ந்துவிடுகிறது. விரலில் ஆறாத புண் வந்த பிறகே பலருக்கு நோய் தெரிகிறது. இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இதற்கிடையில் இழப்பும் அதிகம்: இந்நோய் உள்ள பெண்களின் நடைத்திறன் ஆண்களுடையதைவிட வேகமாகக் குறைவதாக 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. கெண்டைக்கால் தசை சிறிதாக இருப்பது அதற்கு ஒரு காரணம்.

நோயற்ற பெண்களுக்கே கணுக்கால்–கை அழுத்த விகிதம் ஆண்களைவிடச் சுமார் 0.02 குறைவு, ஆகவே பெண்களின் எண்ணிக்கை ஊதிப்போயிருக்கிறது என்பது வலுவான மறுப்பு. எல்லைக்கோட்டில் நிற்பவர்கள் விஷயத்தில் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். விரல் கறுத்து வருபவர்களை அது விளக்காது. பெண்கள் குறைவாகவே புகைக்கிறார்கள் என்பதும் அரைப் பதில்தான். சர்க்கரை நோய் அந்த இடத்தை நிரப்புகிறது, மாதவிடாய் நின்ற பின் ஹார்மோன் தரும் காப்பும் தளர்கிறது. சர்க்கரை நோயாளிகளின் கணுக்கால் தமனி சுண்ணாம்பு படிந்து இறுகுவதால், அடைப்பு இருந்தும் விகிதம் இயல்பாகத் தெரியலாம். அவர்களுக்குக் கால் பெருவிரலின் அழுத்தத்தையும் அளக்க வேண்டும்.