எண்ணிம விளையாட்டுக் கடைகளும் களவுநகல் தடுப்பும்

எண்ணிம விளையாட்டுக் கடை என்பது நிகழ்பட விளையாட்டுகளை வட்டுகளாக அன்றி, இணையம் வழியே பதிவிறக்கமாக விற்கும் சேவை ஆகும். ஸ்டீம் (2003), போலந்தில் தொடங்கப்பட்ட ஜிஓஜி (2008), எபிக் கேம்ஸ் ஸ்டோர் (2018) ஆகியவை இவற்றுள் பரவலாக அறியப்பட்டவை. உரிமம் பெறாமல் படியெடுக்கப்படும் களவுநகல்களை இக்கடைகள் இரு வழிகளில் எதிர்கொள்கின்றன. ஒன்று, விளையாட்டைப் பூட்டி வைப்பது. மற்றொன்று, விலை கொடுத்து வாங்குவதை எளிதாக்குவது.

இந்தியச் சூழல்

அகன்ற அலைவரிசை இணையம் பரவும் முன்னர், தில்லியின் நேரு பிளேஸ், சென்னையின் பர்மா பஜார் போன்ற சந்தைகளில் களவுநகல் வட்டுகள் மலிவாக விற்கப்பட்டன. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 கணினி நிரலை இலக்கியப் படைப்புகளுள் ஒன்றாக வகைப்படுத்துகிறது. களவுநகல் நிரலை அறிந்தே பயன்படுத்துவோருக்கு 7 நாட்கள் முதல் 3 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப் பிரிவு 63பி வகைசெய்கிறது. உரிமையை மீறும் நோக்குடன் தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதும் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் (பிரிவு 65ஏ) குற்றமாக்கப்பட்டது.

பூட்டு முறை

இது எண்ணிம உரிமை மேலாண்மை எனப்படுகிறது. வாங்கிய விளையாட்டு பயனர் கணக்குடன் பிணைக்கப்படும். 2004இல் வெளியான ஹாஃப்-லைஃப் 2, வட்டில் வாங்கப்பட்டாலும் ஸ்டீம் வழியாகச் செயற்படுத்தப்பட வேண்டியிருந்தது. எனினும், தனது பூட்டு மட்டுமே களவுநகலுக்குத் தீர்வாகாது என்றும், கோப்புகளை அப்படியே மற்றொரு கணினிக்குப் படியெடுப்பதையே அது தடுக்கும் என்றும் ஸ்டீம் தன் ஆவணங்களில் ஒப்புக்கொள்கிறது. ஆகவே, சில வெளியீட்டாளர்கள் 2014 முதல் டெனுவோ போன்ற கூடுதல் பூட்டுகளைச் சேர்க்கின்றனர். அவையும் பலமுறை உடைக்கப்பட்டுள்ளன.

சேவை முறை

களவுநகல் பெரும்பாலும் விலைச் சிக்கல் அன்று, சேவைச் சிக்கலே என்று ஸ்டீமை நடத்தும் வால்வு நிறுவனத்தின் தலைவர் கேப் நியூவெல் 2011இல் கருத்துத் தெரிவித்தார். தானியங்கி இற்றைப்படுத்தல், மேகச் சேமிப்பு, பருவகாலத் தள்ளுபடி ஆகியவை களவுநகலில் எளிதில் கிடைக்காத வசதிகள் ஆகும். 14 நாட்களுக்குள், 2 மணிநேரத்திற்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறும் முறையை ஸ்டீம் 2015இல் அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டு நவம்பரில், அதுவரை டாலரில் இருந்த விலைகள் இந்தியாவிற்கு ரூபாயில் குறிக்கப்பட்டன. பிற நாட்டினர் குறைந்த விலையைப் பயன்படுத்தாதிருக்க, அந்தந்த நாட்டின் கட்டண முறையும் கட்டாயமாக்கப்பட்டது.

ஜிஓஜி இதற்கு ஒரு படி மேலே சென்று, பூட்டே இல்லாத நிறுவல் கோப்புகளை வழங்குகிறது. அவற்றைச் சேமித்துவைத்து, இணைய இணைப்பின்றியும் நிறுவலாம்.

விமர்சனங்கள்

பூட்டு, களவுநகல் எடுப்போரைவிடப் பணம் செலுத்தியோரையே அதிகம் பாதிக்கிறது என்பது முதன்மையான விமர்சனம். பூட்டு நீக்கப்பட்ட களவுநகலுக்கு இணையச் சரிபார்ப்பு தேவைப்படுவதில்லை. வாங்கியவருக்கோ, இணைப்பு அறுந்தால் சில விளையாட்டுகள் இயங்குவதில்லை. யுபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31 அன்று வழங்கிகளை நிறுத்தியதும், தி க்ரூ என்னும் விளையாட்டை வாங்கியோர் அதனை ஆட இயலாமற் போயிற்று. வாங்கப்படுவது விளையாட்டு அன்று, அதனைப் பயன்படுத்தும் உரிமமே என்னும் அறிவிப்பை ஸ்டீம் 2024 அக்டோபர் முதல் கட்டணப் பக்கத்தில் காட்டி வருகிறது.