மென்பொருள் பாடமும் நாமக்கல் முட்டையும்

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் பொறியியல் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. அங்கே கணினி அறிவியல் பயில்வோர் சந்திக்கும் பாடங்களுள் ஒன்று 'பொருள்நோக்குப் பகுப்பாய்வும் வடிவமைப்பும்'. பொருளியல் கற்பித்தவனுக்கு இப்பெயர் சற்றே மயக்கம் தரும்; இங்கே பொருள் என்பது செல்வமன்று, ஆப்ஜெக்ட். ஒரு தொழிலில் யார் யார், எவை எவை உள்ளன, ஒவ்வொன்றும் எதை அறிந்திருக்க வேண்டும், எதைச் செய்ய வேண்டும் என்று கண்டறிந்து, அதற்கேற்ப மென்பொருளை அமைப்பதே இம்முறை.

இதன் வேர் நார்வேயில் உள்ளது. 1960-களில் ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் இருவரும் உருவாக்கிய சிமுலா மொழி, நடைமுறை உலகின் இயக்கத்தைக் கணினிக்குள் பாவனை செய்து பார்க்கவே எழுந்தது. முதலில் உலகம், பிறகுதான் நிரல்.

நம் ஆய்வகங்களில் இவ்வரிசை தலைகீழாகிவிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013-ஆம் ஆண்டுப் பாடத்திட்டம், செய்முறைக்குக் கடவுச்சீட்டு வழங்கல், புத்தக வங்கி, தேர்வுப் பதிவு போன்றவற்றைப் பரிந்துரைத்தது. பரிந்துரைதான், கட்டாயமன்று. ஆயினும் பல கல்லூரிகளில் அவையே, மூத்த மாணவர் வரைந்த படங்களோடு, பதிவேட்டுக்குப் பதிவேடு நகர்கின்றன. கடவுச்சீட்டையே கண்டிராத மாணவன் அதன் அலுவலக நடைமுறையை வரைகிறான்; தன் வீட்டுக் கோழிப்பண்ணையை வரைவதில்லை.

முட்டை வணிகத்தையே எடுத்துக்கொள்வோம். 'முட்டை' என்றொரு வகுப்பு, அதற்குள் 'விலை' என்றொரு பண்பு என முதலில் வரையத் தோன்றும். ஆனால், தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாமக்கல் மண்டலத்துக்குப் புதிய விலை அறிவித்ததும், நேற்று விற்ற முட்டையின் கணக்கும் மாறிவிடுமே! ஆகவே அறிவிப்பு விலை முட்டைக்குரியதன்று. ஒரு மண்டலத்துக்கும் ஒரு நாளுக்கும் உரியது. அந்த விலையிலிருந்து வியாபாரி குறைத்துக் கேட்கும் 'மைனஸ்' தொகை எங்கே நிற்கும்? அது பேரத்தில் பிறப்பது. அந்தந்த விற்பனைக்குள் தனியே இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே எண்ணாகச் சுருக்கிவிட்டால், பண்ணையாளர் நட்டப்பட்டது சந்தை இறங்கியதாலா, பேரத்தில் இழந்ததாலா என்பதை எந்தக் கணினியாலும் சொல்ல முடியாது.

சத்துணவுக்குப் போகும் முட்டைக்கு ஒப்பந்த விலை. வளைகுடா நாடுகளுக்குப் போவதற்கு ஏற்றுமதி விலை. 'தொகையைக் கணக்கிடு' என்ற ஒரே கட்டளைக்கு ஒவ்வொரு விற்பனையும் தன் முறையில் விடை தருகிறது. மனப்பாடம் செய்தும் விளங்காத 'பல்லுருவாக்கம்' இதுதான்.

இதைக் கற்பிக்க விலையுயர்ந்த மென்பொருளும் வேண்டா. கென்ட் பெக், வார்ட் கன்னிங்ஹாம் இருவரும் 1989-இல் சிறு அட்டைகளைக் கொண்டே இதைக் கற்பிக்கும் வழியை எழுதினர். அட்டைக்கொரு வகுப்பு, அதன் பெயர், பொறுப்புகள், துணை நிற்பவை. அந்த அட்டைகளுடன் மாணவர்களைப் பண்ணைக் கணக்கரிடம் ஒரு பிற்பகல் அனுப்பலாம். வழியில் உடையும் முட்டை யார் கணக்கில் சேரும் என்று அவர்கள் கேட்கட்டும். லாரிக்கும் ஓர் அட்டை தேவைப்படும்.