எத்தனை வாட்ஸ் வேணும், தம்பி?

போடிநாயக்கனூர் என்றால் ஏலக்காய்தானே? எங்கள் வீட்டு ஹாலில் கொஞ்சம் கடலும் இருக்கிறது! மூன்றடிக்கு ஒன்றரை, உயரமும் ஒன்றரை... விளிம்பு வரை ஊற்றினால் 190 லிட்டர் உப்புத் தண்ணீர். இரண்டு க்ளவுன் மீன்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டிய ஜாதி. (கல்பவளம் கிடையாது. அது வனவிலங்குச் சட்டத்தில் வருகிறது. வைத்தால் மீனுக்குப் பதில் நாம் உள்ளே!)

வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் சில நாளில் மீன் மிதந்துவிடும். அதற்குத்தான் யு.வி. விளக்கு. கடைக்காரர் எடுத்தவுடன் வாட்ஸைக் கேட்பார். அதைவிட முக்கியம், தண்ணீர் அதற்குள் ஓடும் வேகம். பாசியைக் கொல்லக் கொஞ்ச நேரம் போதும். வெள்ளைப் புள்ளிக் கிருமி லேசில் சாகாது. அதே ட்யூபில் தண்ணீர் பல மடங்கு மெதுவாகப் போகவேண்டும். போடிமெட்டு இறங்கும் ஜீப் மாதிரி பம்ப்பை விரட்டினால், கிருமி டூரிஸ்டாக வெளிச்சம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும்! மணிக்கு எத்தனை லிட்டர் என்பதை, பாசிக்குத் தனி, ஒட்டுண்ணிக்குத் தனி என்று சில கம்பெனிகள் போடுவார்கள். நீங்கள் பார்க்கவேண்டியது இரண்டாவது கணக்கு.

ஒன்று, மீன்மேல் ஏற்கெனவே ஒட்டியிருப்பதை யு.வி. ஒன்றும் செய்யாது, தண்ணீரில் நீந்துகிறவன்தான் மாட்டுவான். நீலமாக எரிகிறதே என்று ட்யூபை அப்படியே விடாதீர்கள். வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். எரியும்போது நேராக உற்றுப் பார்க்கவேண்டாம், கண்ணைச் சுட்டுவிடும்.