மடிக்கணினிக்கு முறைக்காய்ச்சல்

முறைக்காய்ச்சல் கண்ட குழந்தையைக் கவனித்துக்கொண்ட தாய்மார்களுக்கு ஒரு விஷயம் தெரியும். ஒரு நாள் உடம்பு அனலாய்க் கொதிக்கும். மறுநாள் குழந்தை எழுந்து இட்லி கேட்கும். வாசலில் விளையாடப் போகும். 'அப்பாடா, விட்டது!' என்று மூச்சு விடுவதற்குள் மூன்றாம் நாள் மறுபடியும் குளிர் கண்டுவிடும். நடுவில் காய்ச்சல் இல்லாத அந்த நாளிலும் நோய் உள்ளேதான் இருந்தது.

வீட்டிலுள்ள பழைய மடிக்கணினிக்கும் இப்படி ஒரு காய்ச்சல் வருவதுண்டு. காலையில் பொத்தானை அழுத்தினால், 'டிஸ்க்கைக் காணோம்' என்று கறுப்புத் திரையில் ஓர் அறிவிப்பு! அணைத்துவிட்டு மறுபடி போட்டால், ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து கொள்கிறது. நாமும் சந்தோஷமாக மறந்துவிடுகிறோம். ஆபத்தே அந்த மறதியில்தான் இருக்கிறது.

ஹார்டு டிஸ்க் என்பதுதான் கணினியின் பத்தாயப் பெட்டி. 1956-ல் ஐ.பி.எம். கம்பெனி முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்த டிஸ்க்கில் 24 அங்குல அகலத் தட்டுகள் 50 இருந்தன. எடை ஏறக்குறைய ஒரு டன். அத்தனை பெரிய யந்திரம் கொண்டது சுமார் 50 லட்சம் எழுத்துக்கள். இன்றைய கைபேசிப் படம் ஒன்றிரண்டுக்கே சரியாய்ப் போகும்! மடிக்கணினியிலுள்ள டிஸ்க்கோ உள்ளங்கைக்குள் அடங்கும் இரண்டரை அங்குல ரகம். உள்ளே பளபளக்கும் தட்டு, பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5,400 தரம் சுற்றுகிறது. அதைப் படிக்கும் முனை தட்டைத் தொடாமல் மிதக்கிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளியைவிட நம் தலைமயிர் பல ஆயிரம் மடங்கு தடிமன். அந்த முனை தட்டில் உரசிவிட்டால், உரசிய இடத்தில் இருந்தது போனது போனதுதான்.

திருநெல்வேலிச் சீமையின் கடற்கரையிலுள்ள உவரிக்குப் போயிருக்கிறீர்களா? அந்தோணியார் கோயிலும், கப்பல் வடிவில் எழுந்த மாதா கோயிலும், சுயம்புலிங்க சுவாமி கோயிலும் உள்ள ஊர். உவர் என்றால் உப்பு. பெயரைச் சொன்னாலே நாக்கில் கரிக்கிறது. ஜன்னல் கம்பியைத் தின்கிற அந்தக் கடற்காற்று, கணினியை மட்டும் விட்டுவைக்குமா? டிஸ்க்கைப் பொருத்தும் இடத்தில் களிம்பு ஏறினால், தொடர்பு விட்டுவிட்டு வரும். ஆகவே காய்ச்சலுக்குக் காரணம் இரண்டாக இருக்கலாம்: ஒன்று, இணைப்பு கெட்டது, மற்றது, டிஸ்க்கே கெட்டது. முன்னது சில்லறைச் செலவு. பின்னது மரண ஓலை.

எதுவென்று ஆராய்வதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கணினி எழுந்திருக்கும்போதே நகல் எடுங்கள்! மகளின் வளைகாப்புப் படங்கள், காலமான பாட்டியின் குரல், குழந்தையின் முதல் நடை, இவை முதலில். சினிமாவும் பாட்டும் பிறகு பார்த்துக் கொள்ளலாம். அவை எங்கும் கிடைக்கும். நகல் வேறொரு டிஸ்க்குக்குப் போக வேண்டும். ஏதாவது ஒரு பைலில் வந்து நின்றுவிட்டால், பிடிவாதம் பிடிக்காமல் அதை விட்டு அடுத்ததற்குப் போங்கள். கணினி எழவே மறுத்தால், லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவிலிருந்து அதை எழுப்பிப் படங்களை எடுக்க வழியுண்டு. வீட்டுக் கல்லூரிப் பிள்ளைக்கு இது தெரிந்திருக்கும்.

நகல் கைக்கு வந்தபின் வைத்தியம். ஒவ்வொரு டிஸ்க்கும் 'ஸ்மார்ட்' என்ற பெயரில் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கிறது. அதைப் படித்துக் காட்டும் இலவசப் புரோகிராம்கள் இருக்கின்றன. கெட்டுப்போய் ஒதுக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க்குக்கு விடை கொடுத்துவிடுங்கள். 'டிக், டிக்' என்று சத்தம் கேட்டாலோ, உடனே அணைத்துவிட்டு, தகவல் மீட்பதில் தேர்ந்தவரிடம் கொடுப்பதே புத்திசாலித்தனம். இடங்கள் கெடாமல், செய்தி போய்வருவதில் மட்டும் பிழைகள் ஏறினால் இணைப்பைச் சந்தேகிக்கலாம். மின்சாரத்தைத் துண்டித்து, பாட்டரியையும் கழற்றி, டிஸ்க்கை எடுத்து மறுபடி அழுத்தமாகப் பொருத்தச் சொல்லுங்கள். கேபிள் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். பலமுறை இதிலேயே குணம் தெரியும்.

கைவைத்தியங்கள் சில காதில் விழும். டிஸ்க்கைத் தட்டுவது வேண்டாம். குளிர்ப்பெட்டியில் வைப்பதும் வேண்டாம். வெளியே எடுத்ததும் ஈரம் பூக்கும். மூடியைத் திறந்தாலோ, ஒரு தூசி போதும், தட்டைக் கெடுக்க. நகல் எடுக்குமுன் 'டிஸ்க்கைச் சரிசெய்கிறேன்' என்று கணினி கேட்டாலும் சம்மதிக்காதீர்கள். நோயாளியை ஓடவிட்டு நாடி பார்ப்பதைப் போன்றது அது.

புதிதாக வாங்கும்போது, சுழலும் தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி. ரகத்தை வாங்கலாம். வேகம் அதிகம், அதிர்ச்சியையும் தாங்கும். ஆனால் அதற்கும் அமரத்துவம் இல்லை. சில சமயம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். எனவே எப்போதும் இரண்டு நகல் இருக்கட்டும். ஒன்று உங்கள் பீரோவில். மற்றொன்று வெளியூரிலுள்ள தங்கை வீட்டில்.

இன்று காலை உங்கள் கணினி ஒழுங்காக எழுந்ததா? நல்லது. நகல் எடுக்க அதைவிட நல்ல நாள் பஞ்சாங்கத்தில் தேடினாலும் கிடைக்காது!